சுர்மா, மஸ்காரா, ஒளு

சென்ற ஆண்டு ஒரு நிகாஹ் வீட்டில் நடந்தது இது. மணப்பெண்ணை அலங்கரிக்க வெளியூரிலிருந்து ஒரு பெண்மணி வந்திருந்தார். அஸர் தொழுத கையோடு தொடங்கிய வேலை மஃரிபுக்குச் சற்று முன்புதான் முடிந்தது. பாங்கு சொன்னதும் மணப்பெண் எழுந்து ஒளுச் செய்யப் போனாள். கண்ணாடியைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இமை முடிகளெல்லாம் கன்னங்கரேலென்று தடித்து நிமிர்ந்து நின்றன. அலங்கரித்த பெண்மணி, "கண்ணைப் பற்றிப் பயப்படாதீங்க, அது தண்ணீர் புகாத மை. எவ்வளவு கழுவினாலும் கலையாது" என்று ஆறுதல் சொன்னார். மணப்பெண் என் பக்கம் திரும்பி, "ஆலிமாம்மா, தண்ணீர் புகாதுன்னா ஒளு எப்படிக் கூடும்?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவளுடைய பெரியம்மா முந்திக்கொண்டார். "இன்னைக்கு ஒரு நாள்தானே கண்ணு, ராத்திரி களா தொழுதுக்கிடலாம்."

அந்தப் பெண் கேட்ட கேள்வியிலேயே அதற்கான விடையும் இருந்தது. பெரியம்மா சொன்ன சமாதானம்தான் நம் வீடுகளில் வேரூன்றிவிட்டது. ஒப்பனை கலைந்துவிடும் என்பது தொழுகையை வக்து கடத்துவதற்கு ஓர் உஸ்ரு ஆகாது. அதற்காகத் தயம்மும் செய்வதற்கும் வழியில்லை. தண்ணீர் கிடைக்காதவருக்கும், தண்ணீர் பட்டால் தீங்கு நேரும் நோயாளிக்கும் உள்ள சலுகை அது. இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து அலங்கரித்த முகத்திற்கு உள்ள சலுகை அன்று.

கண்ணுக்கு மை இடுவதை மார்க்கம் வெறுக்கிறதோ என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். உண்மை அதற்கு நேர்மாறானது. நம் உயிரினும் மேலான ரசூலுல்லாஹி (ஸல்) அவர்கள் தம் கண்களுக்குச் சுர்மா இட்டுக்கொள்பவர்களாக இருந்தார்கள். அன்னவர்களிடம் ஒரு சுர்மாச் சிமிழ் இருந்தது என்றும், ஒவ்வோர் இரவும் அதிலிருந்து இந்தக் கண்ணுக்கு மூன்று முறை, அந்தக் கண்ணுக்கு மூன்று முறை இடுவார்கள் என்றும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பதை இமாம் திர்மிதீ (ரஹ்) அவர்கள் தம் ஷமாயில் நூலில் பதிவு செய்துள்ளார்கள். சுர்மாக்களிலெல்லாம் சிறந்தது 'இத்மித்' என்றும், அது பார்வையைத் தெளிவாக்கும், இமை முடியை வளரச் செய்யும் என்றும் நபியவர்கள் கூறியதாக வரும் ஹதீஸும் பிரபலமானது. உறங்கப் போகும்போது இடுமாறு கூறும் அறிவிப்பு இப்னு மாஜாவில் வருகிறது. ஒற்றைப்படையாக இட வேண்டும், அப்படிச் செய்தால் நல்லது, செய்யாவிட்டாலும் குற்றமில்லை என்ற அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பை அபூதாவூதில் காணலாம்.

ஒற்றைப்படை என்பதற்கு உலமாக்கள் இரண்டு விளக்கம் தருகிறார்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் மும்மூன்று என்பது ஒன்று. வலக் கண்ணுக்கு மூன்று, இடக் கண்ணுக்கு இரண்டு, ஆக மொத்தம் ஐந்து என்பது மற்றொன்று. ஷாபிஈ மத்ஹபின் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் முதலாவதையே ஏற்றமானதாகக் கொண்டுள்ளார்கள்.

ஹதீஸ்களில் வரும் இந்த ஒழுங்கைக் கூர்ந்து பார்த்தால் கண்ணின் நலமே அதில் முதலிடம் பெற்றிருப்பது புரியும். இரவில் இடுகிறோம், அளவோடு இடுகிறோம், கண்ணை மூடி உறங்குகிறோம். சுப்ஹுக்கு எழுந்து ஒளுச் செய்யும்போது வெளியே வழிந்தது கழுவப்பட்டுவிடுகிறது. இமைக்கு மேலே அப்பிக்கொண்டு பகலெல்லாம் திரிவதற்கு அங்கே இடமே இல்லை.

சுர்மாவைச் சுத்தமாக இடத் தெரிந்தவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். எங்கள் உம்மம்மா இடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு துளி வெளியே சிந்தாது. முதலில் கையைக் கழுவுவார்கள். பிறகு ஈரமில்லாத மெல்லிய துணியால் இமை இரண்டையும் ஒற்றி எடுப்பார்கள். இமையில் எண்ணெய்ப் பசையோ வியர்வையோ இருந்தால் தூள் அங்கே ஒட்டிக்கொண்டு மூக்கோரம் வரை ஓடும். குச்சியின் நுனியை மட்டும் சிமிழில் தோய்த்து, சிமிழின் வாயில் இரண்டு முறை தட்டுவார்கள். தட்டாமல் எடுப்பதனால்தான் முக்கால்வாசிப் பேருக்குக் கன்னத்தில் வழிகிறது. பிஸ்மில்லாஹ் சொல்லி, வலக் கண்ணில் தொடங்கி, கீழ் இமையை விரலால் லேசாகத் தாழ்த்தி, குச்சியை இமை விளிம்போடு படுக்கை வாட்டில் வைப்பார்கள். நுனியைக் கண்ணுக்கு நேராக நீட்ட மாட்டார்கள். கண்ணை மெல்ல மூடச் சொல்லி, மூக்குப் பக்கமிருந்து காதுப் பக்கமாகக் குச்சியை இழுத்துவிடுவார்கள். மறு கண்ணுக்கும் அதே போல. அதன் பிறகு ஒரு நிமிடம் கண்ணைக் கசக்காமல் இருக்க வேண்டும். மிஞ்சிய தூளைக் கண்ணீரே மூக்கோர மூலைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். அங்கே துணி முனையால் ஒரு முறை ஒற்றினால் போதும்.

குச்சி கண்ணாடியாக இருக்கலாம், எலும்பாக இருக்கலாம், மரமாகவும் இருக்கலாம். தங்கத்தாலும் வெள்ளியாலும் ஆன பாத்திரங்களுக்குள்ள தடை சுர்மாக் குச்சிக்கும் சிமிழுக்கும் உண்டு என்பதை ஷாபிஈ நூல்கள் தெளிவாகச் சொல்கின்றன. நகைகளில் பெண்களுக்கு உள்ள அனுமதி பாத்திரங்களில் இல்லை. சீர்வரிசையில் வெள்ளிச் சுர்மாச் சிமிழ் வைக்கும் வீட்டார் இதைக் கவனிக்கவும்.

குச்சியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் அத்தர்ப் பெட்டியோடு நிற்பவர் ஒரே குச்சியால் பத்துப் பேருக்கு சுர்மா இட்டு அனுப்புவதை எல்லா ஊரிலும் காண்கிறோம். அவர் பரக்கத்தாகத்தான் செய்கிறார். ஆனால் முதல் ஆளுக்கு 'மெட்ராஸ் ஐ' இருந்தால் மற்ற ஒன்பது பேரும் திங்கட்கிழமை கண் சிவந்து நிற்பார்கள். ஒரு வீட்டுக்குள்ளேயேகூட ஆளுக்கொரு குச்சி வைத்துக்கொள்வது நல்லது.

இனி மஸ்காராவுக்கு வருவோம். சுர்மா கண்ணின் உள்விளிம்பில் இடப்படுவது. மஸ்காரா இமை முடியின் மேல் பூசப்படுவது. சட்டம் வேறுபடுவதற்கு இந்த ஒரு வேற்றுமைதான் காரணம். அமெரிக்காவில் 1917-ம் ஆண்டு மேபலின் கம்பெனியார் இதை விற்கத் தொடங்கிய காலத்தில் இது கட்டியாக இருந்தது. சிறு தூரிகையை நனைத்து அதில் தேய்த்துப் பூசினார்கள். குழலுக்குள் தூரிகையோடு வரும் இப்போதைய வகை 1950-களின் பிற்பகுதியில்தான் பரவியது. கறுப்பு நிறத்துக்கு இரும்பின் ஆக்ஸைடு, முடியில் பிடித்துக்கொள்ள மெழுகு, அது காய்ந்து படலமாவதற்குச் சில பசைகள், இவைதான் பெரும்பாலும் அதில் உள்ளவை. தண்ணீர் புகாத வகையில் மெழுகு கூடுதல். அது காய்ந்தபின் ஒவ்வொரு முடியின் மேலும் ஓர் உறைபோல் மூடிக்கொள்கிறது.

ஒளுவில் முகம் கழுவுவது பர்ளு. முகத்தின் எல்லைக்குள் இருக்கும் புருவமும் இமை முடியும் அந்தப் பர்ளில் சேர்ந்தவை. ஷாபிஈ மத்ஹபில் இமை முடியின் வெளிப்புறம், உட்புறம், அதன் அடியில் உள்ள தோல் ஆகிய யாவும் நனைய வேண்டும். ஹனபி மத்ஹபிலும் இமை முடி முகத்தைச் சேர்ந்ததே. கண்ணின் உட்பகுதியைக் கழுவுவது கடமையும் அன்று, சுன்னத்தும் அன்று. ஆனால் கண்ணின் மூலை கழுவப்பட வேண்டிய இடம். அங்கே பீளை காய்ந்து தண்ணீரைத் தடுத்துக்கொண்டிருந்தால் அதை அகற்றுவது வாஜிபு என்று நம் இமாம்கள் எழுதியிருக்கிறார்கள். தானாக ஊறிய பீளைக்கே இந்தச் சட்டம் என்றால், நாமாகப் பூசிய மெழுகுக்கு என்ன சொல்வது? காலில் நகமளவு இடம் நனையாமல் விட்டுவிட்ட ஒருவரை, திரும்பிப் போய் ஒளுவை அழகாகச் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் அனுப்பிவைத்த செய்தியை உமர் (ரலி) அவர்கள் அறிவிப்பதாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது.

இங்கே நிறம் வேறு, பொருள் வேறு என்பதைப் பிரித்து அறிய வேண்டும். மருதாணி இட்ட கையில் சிவப்பு இருக்கிறது, மருதாணிச் சாந்து இல்லை. ஆகவே அது ஒளுவைத் தடுக்காது. சுர்மா இட்டுக் கழுவிய பின் விளிம்பில் எஞ்சும் கருமையும் அப்படியே. விரலால் சுரண்டினால் துணுக்காக உதிர்கிற எதுவும் நிறமன்று, பொருள். நகப்பூச்சு, உதட்டில் கட்டியாகப் படிந்த சாயம், மஸ்காரா இம்மூன்றும் இந்த வகைதான். 'சாதாரண மஸ்காராதான், தண்ணீரில் கரையும்' என்பார்கள். கரையும் என்பது உண்மை. ஆனால் மூன்று கை தண்ணீரில் முழுவதும் கரைந்து முடி வரை தண்ணீர் சேர்ந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. கரைந்த பாதி கண்ணுக்குக் கீழே வட்டமாக நிற்க, கரையாத பாதி முடியிலேயே தங்கிவிடுகிறது. எந்த வகையானாலும் ஒளுவுக்கு முன் அகற்றிவிடுவதே பேணுதல். கடமையான குளிப்பில் இது இன்னும் கடுமை, ஏனெனில் அங்கே உடம்பிலுள்ள ஒவ்வொரு முடியும் நனைந்தாக வேண்டும். பசை வைத்து ஒட்டும் செயற்கை இமை முடியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. தண்ணீரைத் தடுப்பது ஒருபுறமிருக்க, முடியோடு முடியை ஒட்டுபவர்களைப் பற்றி ஹதீஸில் வந்துள்ள கண்டனமும் நினைவில் இருக்கட்டும்.

அப்படியானால் மணப்பெண் மஸ்காராவே இடக் கூடாதா? அப்படி நான் சொல்லவில்லை. ஒளு இருக்கும் நிலையில் இட்டுக்கொண்டு, அந்த ஒளு முறியாதிருக்கும் வரை தொழுதால் தொழுகையில் ஒரு குறையும் இல்லை. அஸருக்கு ஒளுச் செய்து தொழுது, பிறகு அலங்கரித்துக்கொண்டு, அதே ஒளுவில் மஃரிபும் இஷாவும் தொழுத பெண்கள் உண்டு. ஒளு முறிந்துவிட்டால் கழுவத்தான் வேண்டும். ஆகவே நிகாஹ் நேரத்தைக் குறிக்கும்போதே பெண் வீட்டார் வக்துகளை நினைவில் வைத்துக்கொண்டு, அலங்காரத்தை எந்தத் தொழுகைக்குப் பின் தொடங்குவது, எதற்கு முன் கலைப்பது என்று முடிவு செய்துவிட்டால் பெண்ணுக்குத் தர்மசங்கடம் இல்லை. பிரியாணிக்கு எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டுவது என்பதைப் பத்து நாளைக்கு முன்பே பேசி வைப்பவர்கள்தானே நாம்.

இமையில் ஈஷிக்கொள்ளாமல் மஸ்காரா இடவும் ஒரு கைப்பக்குவம் உண்டு. அரைகுறையாக இட்டு, அதைத் துடைத்து, மறுபடி இட்டு, மூன்றாம் முறை அப்பும்போதுதான் முடியில் கட்டிகட்டியாகச் சேர்கிறது. பிறகு அதை அகற்றுவதும் பெரும்பாடு. முகத்தைக் கழுவி, இமையைச் சுத்தமாக உலர்த்திக்கொள்ளுங்கள். இமையில் க்ரீமோ எண்ணெயோ இருந்தால் மெழுகு இளகி மேல் இமையில் அச்சுப் பதியும். தூரிகையைக் குழலுக்குள் மேலும் கீழும் குத்த வேண்டாம். காற்றுப் புகுந்து மை சீக்கிரம் காயும், கிருமியும் புகும். மெதுவாகச் சுழற்றி எடுத்து, குழலின் வாயில் ஒரு வழி வழித்து, மிஞ்சியதை ஒரு மெல்லிய காகிதத்தில் துடைத்துவிடுங்கள். கண்ணாடியை முகத்துக்கு நேராகப் பிடிக்காமல் மோவாய்க்குக் கீழே பிடித்துக் கீழ்நோக்கிப் பாருங்கள். அப்போது மேல் இமை விரிந்து, முடி இமைத் தோலை விட்டு விலகி நிற்கும். கல்யாண அட்டையில் ஒரு துண்டு வெட்டி முடிக்குப் பின்னால் இமையோடு அணைத்துப் பிடித்துக்கொண்டால் தூரிகை தவறினாலும் மை அட்டையில்தான் படும். தூரிகையை முடியின் அடியில் வைத்து, இடமும் வலமுமாக லேசாக அசைத்து, அப்படியே மேலே தூக்குங்கள். ஒரு பூச்சு மெல்லியதாக இருக்கட்டும். கீழ் இமைக்கு மேல்நோக்கிப் பார்த்துக்கொண்டு, தூரிகையைச் செங்குத்தாகப் பிடித்து நுனியால் மட்டும் தொடுங்கள். காயும்வரை ஒரு நிமிடம் கண்ணைத் தாழ்த்தியே வைத்திருங்கள். நிமிர்ந்து பார்த்து இமைத்தால் ஈர முடி மேல் இமையில் போய் ஒட்டும்.

அப்படியும் இமையில் பட்டுவிட்டால் ஈரமாயிருக்கும்போது துடைக்காதீர்கள். துடைத்தால் புள்ளியாக இருப்பது கோடாக இழுபடும். நன்றாகக் காய்ந்த பிறகு பஞ்சுக் குச்சியை உலர்ந்தபடியே அதன் மேல் உருட்டினால் துணுக்காக உதிர்ந்துவிடும். நிகாப் அணிபவர்களுக்கு மூச்சின் ஆவி மேலெழுந்து கீழ் இமை மையைக் கரைக்கும். அவர்கள் கீழ் இமையை விட்டுவிடுவதே சுத்தம்.

அகற்றுவதற்கு விலை உயர்ந்த திரவம் தேவையில்லை. தேங்காய் எண்ணெயோ வாதுமை எண்ணெயோ போதும். பஞ்சில் நனைத்து, மூடிய கண்ணின் மேல் வைத்து, முப்பது எண்ணும் வரை தேய்க்காமல் பொறுங்கள். மெழுகு எண்ணெயில் இளகிவிடும். பிறகு மேலிருந்து கீழாக வழியுங்கள். பஞ்சு வெள்ளையாக வரும் வரை மாற்றி மாற்றி வழித்து, பச்சைப் பயறு மாவாலோ சோப்பாலோ எண்ணெயைக் கழுவுங்கள். கடைசியில் ஈர விரல்களுக்கிடையே இமை முடியைப் பிடித்துப் பாருங்கள். பிசுக்கென்று ஒட்டினால் இன்னும் இருக்கிறது. முடி முடியாகப் பிரிந்தால் ஒளுவுக்குப் போகலாம். வெந்நீர் பட்டதும் சிறு சிறு குழலாகக் கழன்று வந்துவிடும் ஒரு வகை மஸ்காராவும் இப்போது கடைகளில் கிடைக்கிறது. தொழும் பெண்களுக்கு அது வசதி. கழன்று வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே ஒளுச் செய்ய வேண்டும் என்பது அதற்கும் பொருந்தும். திறந்து மூன்று மாதமான குழலைத் தூக்கியெறிந்துவிடுங்கள். மைனி, மதினி, தோழி யாரோடும் பங்கு போடாதீர்கள்.

நோன்பில் சுர்மா இடலாமா என்று ரமலான்தோறும் கேட்கிறார்கள். ஷாபிஈ, ஹனபி இரு மத்ஹபிலும் நோன்பு முறியாது, தொண்டையில் அதன் ருசி தெரிந்தாலும் சரியே. கண் ஒரு திறந்த வழியன்று என்பது நம் இமாம்களின் ஆதாரம். மாலிகீ மத்ஹபில், தொண்டைக்கு எட்டினால் முறியும். இந்தக் கருத்து வேற்றுமையில் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. சுர்மாவின் ருசி தொண்டைக்கு வருகிறது என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பெரியவர்கள் எல்லோருமே அறிந்திருந்தார்கள். கண்ணின் மூலையிலிருந்து மூக்குக்குள் கண்ணீர் இறங்கும் நுண்ணிய குழாய் ஒன்று இருப்பதாக இன்று மருத்துவர்கள் படம் வரைந்து காட்டுகிறார்கள். நோன்பு முறியாது என்பது சட்டம். உடம்புக்குள் ஒன்றும் போகவில்லை என்று அதற்குப் பொருளன்று.

உள்ளே என்ன போகிறது என்பதுதான் இப்போது கவலைப்பட வேண்டிய விஷயம். இத்மித் என்பதற்கு அஞ்சனக்கல், அதாவது ஆண்டிமனி என்னும் உலோகத்தின் கந்தகக் கல் என்றே பலரும் பொருள் சொல்கிறார்கள். இஸ்பஹானிலிருந்து வருவதே அதில் மேலானது என்று இப்னுல் கையிம் அவர்கள் எழுதியுள்ளார்கள். ஆனால் சுர்மா என்ற பெயரில் உலகெங்கும் விற்கப்படுபவற்றைச் சோதனை செய்தபோது, பலவற்றில் இருந்தது ஆண்டிமனி அன்று, ஈயக் கல். இரண்டும் சாம்பல் நிறம், இரண்டும் பளபளப்பு, இரண்டும் எளிதில் தூளாகும். அரைத்த பிறகு கண்ணால் பார்த்து வித்தியாசம் காண முடியாது. கல்லாக இருக்கும்போது ஓரளவு தெரியும். ஈயக் கல் உடைந்தால் சதுரம் சதுரமாக உடையும், கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கும். கலப்பில்லாத ஈயக் கல்லின் எடையில் நூற்றுக்கு 86 பங்கு ஈயமே. பன்னீரில் நாற்பது நாள் ஊறவைத்து அரைத்தாலும், ஜம்ஜம் நீரில் அரைத்தாலும் அந்த ஈயம் எங்கும் போய்விடாது.

பெரியவர்கள் கண்ணில் கொஞ்சம் இட்டுக் காலையில் கழுவிவிடுகிறார்கள். பிள்ளைகள் அப்படியல்ல. நாற்பதாம் நாள் குளிப்பாட்டிய கையோடு கைக்குழந்தைக்குக் கண் நிறையச் சுர்மா தீட்டி, நெற்றியிலும் கன்னத்திலும் பொட்டு வைக்கிறோம். அது கண்ணைக் கசக்கி அதே விரலை வாயில் வைத்துச் சூப்புகிறது. 2011-ம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு கைக்குழந்தையின் இரத்தத்தில் ஈயம் கூடியிருந்ததைக் கண்டு மருத்துவர்கள் காரணம் தேடினார்கள். நைஜீரியாவிலிருந்து உறவினர் கொண்டுவந்த 'தீரோ' என்னும் கண் மையே காரணமாக இருந்தது. அந்த மையில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் ஈயம். கண்ணுக்கு அழகும் பாதுகாப்பும் என்று எண்ணி அன்போடுதான் இட்டிருக்கிறார்கள். அந்த நாட்டில் சுர்மாவை ஒப்பனைப் பொருளாக விற்க அனுமதி கிடையாது. நம் நாட்டிலும் ஒப்பனைப் பொருள்களில் நிறத்துக்காக ஈயச் சேர்மங்களைச் சேர்ப்பது சட்டப்படி தடுக்கப்பட்டுள்ளது. ஆயினும் பெயரில்லாத பொட்டலத்திலும், பயணம் போனவர் பையிலும் வரும் தூளைச் சட்டம் எங்கே தேடும்?

இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. அது பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் குறைக்கிறது, இரத்தச் சோகையைக் கொண்டுவருகிறது. கர்ப்பிணியின் உடம்பிலிருந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகிறது. இதில் கொடுமை என்னவென்றால், கண் எரியாது, வீங்காது, வெளியே ஓர் அடையாளமும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குப் பாடம் ஏறவில்லை என்று அடிக்கும்போது யாருக்கும் சுர்மாச் சிமிழ் நினைவுக்கு வராது.

இதை ஒரு பயானில் சொன்னபோது வயதான மாமி ஒருவர் என்னைக் கடிந்துகொண்டார். "சுன்னத்தான பொருளை விஷம்னு சொல்றியே, நீ ஓதின புள்ளதானா?" அவருக்குச் சொன்ன பதிலையே இங்கும் சொல்கிறேன். சுன்னத்து, நபியவர்கள் இட்டது. ஈயக் கல்லுக்குச் சுர்மா என்று பெயர் வைத்தவன் வியாபாரி. அவன் வைத்த பெயருக்காக அவனுடைய கல் சுன்னத்தாகிவிடாது. தனக்கும் தீங்கு கூடாது, பிறருக்கும் தீங்கிழைக்கக் கூடாது என்பதும் அதே நபியவர்கள் தந்த சட்டம்தான். மாமி ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் பேரப் பிள்ளைக்கு இடுவதை நிறுத்திவிட்டதாக மருமகள் பிறகு சொன்னாள்.

சுன்னத்தைப் பேண விரும்புபவர்கள் தயாரிப்பாளர் பெயரும் உரிம எண்ணும் அச்சிட்ட, ஈயம் இல்லை என்று சோதனைச் சான்று உள்ள சுர்மாவையே வாங்குங்கள். ஹஜ்ஜிலிருந்து வந்த கல் வீட்டில் இருந்தால், அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து ஈயம் உண்டா என்று பார்த்துவிட்டு அரையுங்கள். ஆண்டிமனியையும் அள்ளி அள்ளி இடலாம் என்பதில்லை, அளவு அதற்கும் உண்டு. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு எந்தச் சுர்மாவும் வேண்டாம். ஏற்கெனவே நெடுநாள் இட்டு வந்திருந்தால் ஒரு முறை இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். கண்ணேறுக்குப் பயந்து கறுப்புப் பொட்டு வைப்பவர்கள், ஹசன், ஹுசைன் (ரலி) இருவருக்கும் நபி (ஸல்) அவர்கள் ஓதிப் பாதுகாவல் தேடிய துஆவை மனப்பாடம் செய்துகொள்ளட்டும். அது புகாரியில் உள்ளது.

இஹ்ராமில் வாசனை கலந்த சுர்மா கூடவே கூடாது. வாசனையற்றதும் அழகுக்காக இடுவது வெறுக்கத்தக்கது. கண் நோய்க்கு மருந்திடலாம். இஹ்ராமில் கண் நோவு கண்டவர் கற்றாழைச் சாற்றுப் பிசினை இட்டுக்கொள்ள உஸ்மான் (ரலி) அவர்களின் அறிவிப்பு ஸஹீஹ் முஸ்லிமில் ஆதாரமாக வருகிறது.

இத்தாவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கணவர் மவ்த்தான பெண் நான்கு மாதமும் பத்து நாளும், கர்ப்பிணியானால் பிள்ளை பெறும் வரையும், சுர்மாவையும் மற்ற அலங்காரங்களையும் விட்டிருக்க வேண்டும். மஸ்காராவும் இதில் அடங்கும். கணவரை இழந்த தம் மகளுக்குக் கண் நோவு, சுர்மா இடலாமா என்று ஒரு பெண் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் திரும்பத் திரும்ப வேண்டாமென்றே சொன்னதாக உம்மு ஸலமா (ரலி) அவர்கள் வழியாக புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. வேறு வழியற்ற நோயாயின் இரவில் இட்டுப் பகலில் துடைத்துவிடலாம் என்று மற்ற அறிவிப்புகளைக் கொண்டு ஃபுகஹாக்கள் சட்டம் சொல்கிறார்கள். நிறமில்லாத சொட்டு மருந்து அலங்காரமாகாது, அதை எப்போதும் இடலாம்.

இது கணவருக்காக மட்டும் உள்ள கெடு. தந்தையோ சகோதரரோ இறந்தால் மூன்று நாளுக்கு மேல் துக்க அடையாளம் கூடாது. தம் தந்தை அபூஸுஃப்யான் (ரலி) இறந்தபோது உம்முஹபீபா (ரலி) அவர்கள் அந்தச் சட்டத்தை நிலைநாட்டுவதற்காகவே வாசனைப் பொருளை வரவழைத்துப் பூசிக்கொண்டார்கள். ஆனால் நம் ஊர்களில் இருபத்தைந்து வயதில் கணவரை இழந்த பெண், அறுபதாம் வயதிலும் கண்ணில் மை இல்லாமல் கல்யாண வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்திருக்கிறாள். சுர்மா இட்டால் ஊர் பேசும் என்கிறாள். இந்தப் பழக்கம் நம்மைச் சுற்றியிருந்த சமூகத்திலிருந்து நாம் வாங்கிக்கொண்டது. ஷரீஅத்தில் இதற்கு இடமில்லை. நான்கு மாதம் பத்து நாள் முடிந்த அன்று மஃரிபு ஆனதும் அவளுக்குச் சுர்மா ஹலால். உம்மாவோ மாமியோ தம் கையாலேயே அன்றிரவு இட்டுவிடலாம்.